தொண்டுக்குப் பட்டம் எதற்கு?

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேரப்போகிறேன் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால் முதலில் வருவது வேலையைப் பற்றிய கேள்வி. மருத்துவமனை, சிறைச்சாலை, பள்ளி, ஆலை, தொண்டு நிறுவனம் என்று இடங்களைச் சொல்லி அதற்கு ஒருவாறு பதில் தந்துவிடலாம். அடுத்து வரும் கேள்விதான் கடினம். பசித்தவருக்குச் சோறு போடவும் அழுகிறவர் பக்கத்தில் உட்காரவும் ஒரு பட்டம் வேண்டுமா? தொண்டு மனத்தில் ஊற வேண்டியது. அதற்கு வருகைப் பதிவேடும் செமஸ்டர் தேர்வும் வைத்து மதிப்பெண் போடுவது முறையா? இப்படிக் கேட்பவர்களைப் படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவர்கள் கேட்பது சமயத்தின் நடுவிலிருந்து எழும் கேள்வி. அருள் பிறவியிலேயோ இறைவனாலோ வாய்ப்பது என்றால் அதைக் கற்பிக்க முயல்வது வீண் வேலை. கற்பிக்க முடியும் என்றால், இத்தனை நூற்றாண்டுகளாகச் சமயங்கள் கற்பித்தும் ஏன் போதவில்லை என்று கேட்க வேண்டிவரும்.

அருளைப் பல்கலைக்கழகத்தால் ஒருவருக்குள் புகட்ட முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் நான் வாதிடுகிறேன். இரக்கமே இல்லாத ஒருவர் இரண்டாண்டு படித்து முடித்தாலும் இரக்கமில்லாதவராகவே வெளியே வருவார். கூடுதலாகச் சில கலைச்சொற்கள் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் இரக்கம் உள்ளவர்களாலும் பிறருக்குத் தீங்கு நேர்கிறது. அந்தத் தீங்கு அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் தங்கள் மனம் தூய்மையாக இருப்பதை அவர்கள் அறிவார்கள். கொடுப்பவரின் மனத்தூய்மையை வைத்து உதவியை அளக்கும் பழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. பெறுபவரின் வாழ்க்கையை வைத்து அளக்கும் பழக்கம் தானாக வருவதில்லை, பயின்றால்தான் வரும். சமூகப்பணிக் கல்வி அதன் சிறந்த நிலையில் தருவது இந்தப் பயிற்சியைத்தான். இது சமயத்துக்குப் புறம்பான பயிற்சியும் அல்ல. சமயம் தன் பேரில் தானே சுமத்திக்கொண்ட ஒரு கடமையை நிறைவேற்றும் வழி இது.

தானத்தைப் பற்றி நம் மரபுகள் பேசும் முறையைக் கவனித்தால் கண்கள் பெரும்பாலும் கொடுப்பவர் மீதே இருப்பது புரியும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தைச் சாத்வீகம், ராஜசம், தாமசம் என மூன்றாகப் பிரிக்கிறது. பிரிப்பதற்கு அடிப்படை கொடுப்பவரின் மனநிலை. உயர்ந்த தானம் கைம்மாறு கருதாதது. அத்துடன் உரிய இடத்தில், உரிய காலத்தில், தகுந்த பாத்திரத்துக்குத் தரப்படுவது. பெறுபவர் அங்கே ஒரு பாத்திரமாக, அதாவது தகுதி பார்க்கப்பட வேண்டியவராக வருகிறார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் தரும சங்கங்களும் இதே கணக்கைத்தான் வேறு விதத்தில் போட்டன. உழைத்தும் கெட்டவர் உதவிக்கு உரியவர், குடித்துக் கெட்டவர் உரியவர் அல்லர் என்று வீடு வீடாகப் போய்ப் பிரித்தார்கள். விவேகானந்தர் இந்த நிலையைத் திருப்பிப்போட முயன்றார்; கொடுப்பவர்தான் வாங்குபவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது பெரிய திருப்பம். அங்கும்கூட, ஏழை ஒருவர் இருப்பது என் ஆன்மா உயர்வதற்கு ஒரு வாய்ப்பு என்ற எண்ணம் எஞ்சி நிற்கிறது. புண்ணியக் கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டாலும், அதில் பெறுபவரின் நாளைய காலைப்பொழுது இடம்பெறவில்லை என்றால் கணக்கு பாதியில் நிற்கிறது.

இந்தப் பாதிக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கொடிய சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அந்தக் காப்பகம் அவ்வூரில் உள்ள தர்காவுடையது அல்ல. தர்காவின் அருளை நாடி எல்லா மதத்தவரும் தங்கள் பிள்ளைகளை, உடன்பிறந்தவர்களை, மனைவியரைக் கூட்டிவந்ததால் சுற்றிலும் முளைத்தவற்றில் அது ஒன்று. நடத்தியவர்களுக்கு அது பிழைப்பு என்று வைத்துக்கொண்டாலும், கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்கு அது பிழைப்பு அல்ல. கடன்பட்டு, தூரப் பயணம் செய்து, இறைவன் காப்பாற்றுவான் என்று நம்பி விட்டுப்போனார்கள். அன்புக்கும் நம்பிக்கைக்கும் அங்கே பஞ்சமில்லை. சங்கிலியின் மறுமுனையில் இருந்தவரிடம், உனக்கு இங்கே இருக்கச் சம்மதமா, இரவில் என்ன நடக்கிறது, கட்டை அவிழ்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதிவைத்து, அந்த எழுத்துக்குப் பொறுப்பேற்கும் ஒருவர்தான் இல்லை. 1987இலேயே மனநலச் சட்டம் இருந்தது. சட்டத்தைக் கொட்டகைவரை கொண்டுவரும் ஆள் இல்லை.

ஏர்வாடிக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1993இல், சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'தி பேனியன்' அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் வந்தனா சமூகப்பணி படித்தவர். தொடக்கத்தில் அதுவும் ஒரு காப்பகம்தான்; தெருவில் கிடந்தவருக்குக் கூரை, மருந்து, சோறு. பின்னாளில் அந்த அமைப்பு சென்ற திசைதான் இங்கே முக்கியம். நெடுங்காலம் உள்ளே தங்கிவிட்ட பெண்கள், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஊருக்குள் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, தாமே சமைத்து, அக்கம்பக்கத்தாரோடு பழகி வாழும் ஏற்பாட்டை அது உருவாக்கியது. காப்பகம் நன்றாக நடக்கும்போது அதிலிருந்து ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒரு நிர்வாகத்துக்குத் தோன்றுவது எளிதல்ல. நல்ல கூரை போதும் என்றுதான் கருணை நினைக்கும். உள்ளே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்கும் பழக்கம் இருந்தால் மட்டுமே அடுத்த அடி எடுத்துவைக்க முடியும்.

அந்தப் பழக்கம் வகுப்பறையில் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். சமூகப்பணி மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வருவதில்லை. ஃபீல்டு ஒர்க் என்று அரசு மருத்துவமனைக்கோ குடிசைப் பகுதிக்கோ சிறார் இல்லத்துக்கோ போகிறார்கள். போய்வந்ததை எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று வரிக்கு வரி எழுதுவது அதில் ஒரு வகை. முதல் மாதத்துப் பதிவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: அந்த அம்மா சோகமாக இருந்தார், நான் ஆறுதல் சொன்னேன், அவர் நன்றி சொன்னார். நல்ல சூப்பர்வைசர் இந்த மூன்று வாக்கியத்தையும் விடமாட்டார். சோகம் என்று எப்படித் தெரிந்தது, முகத்தில் கண்டதா, வாயால் சொன்னதா? ஆறுதலாகச் சொன்ன சொற்கள் எவை? அவர் பேசிக்கொண்டிருந்ததை அந்தச் சொற்கள் பாதியில் நிறுத்திவிடவில்லையா? நன்றி சொன்னதும் உனக்கு என்ன தோன்றியது? அந்த அரைமணி நேரத்தில் ஆறுதல் கிடைத்தது அவருக்கா, உனக்கா? கடைசிக் கேள்வியில் சில மாணவர்கள் அழுதுவிடுவார்கள். மனசாட்சியைச் சோதித்துப் பார்க்கும்படி எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. ஆனால் தான் செய்த நல்லதை இப்படி இன்னொருவர் முன்னால் விரித்துவைத்து, வாரா வாரம் சோதிக்கும்படி பக்தரிடம் கேட்கும் ஏற்பாடு அரிது. செய்த பாவத்தைச் சொல்ல இடம் உண்டு. செய்த புண்ணியத்தைக் கேள்வி கேட்க இடம் குறைவு.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. வீதியோரக் குடிசையில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியைக் களப்பணி மாணவி சந்திக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மழைக்கு ஒழுகும் கூரை, சரியாகத் தெரியாத கண், ஒருவேளைச் சாப்பாடு. பக்கத்து ஊரில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறது. மாணவி ஓடியாடி ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொல்கிறாள். பாட்டி வரமாட்டேன் என்கிறார். செத்துப்போன புருஷன் கட்டிய வீடு, வாசலில் வளர்ந்த முருங்கை, சாயங்காலம் வந்து பேசிவிட்டுப்போகும் பக்கத்து வீட்டுக்காரி என்று அவருக்குக் காரணங்கள் உண்டு. காரணம் சொல்லாவிட்டாலும் அவர் விருப்பம் விருப்பம்தான். மாணவியின் கருணை இப்போது கோபமாக மாறும் இடம் இது. நல்லதுக்குச் சொன்னால் கேட்கவில்லையே என்று தோன்றும். தன் வாழ்வைப் பற்றிய முடிவு அவருடையது என்று ஏற்று, கூரையைச் சரிசெய்ய வழி உண்டா, கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா, முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டாயிற்றா என்று அவர் வாழும் இடத்திலேயே உதவியைத் தேடுவதுதான் பாடம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தக் கொள்கையை மனநோயாளிக்கும் நீட்டியிருக்கிறது: நோய் முற்றும் காலத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். எந்த வடிவில் சங்கிலியிட்டாலும் குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இந்தப் பாடங்களை எழுதியவர்கள் சமயத்தை விட்டு விலகியவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெறுபவரின் தன்முடிவு, அவரைத் தீர்ப்பிடாமை, உணர்ச்சியில் அடித்துச் செல்லப்படாமல் உடனிருத்தல், அவர் சொன்னதை இரகசியமாகக் காத்தல் முதலிய ஏழு கொள்கைகளை இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். 1957இல் அவற்றை வகுத்து நூலாகத் தந்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக் ஒரு சேசு சபைப் பாதிரியார். இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. அந்நகரின் நாக்பாடாப் பகுதியின் நெரிசலான தெருக்களில் பல ஆண்டுகள் வேலைபார்த்து, நல்லெண்ணம் மட்டும் போதாது என்று கண்டவர். 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியை உருவாக்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர்; தொண்டர்களைத் திரட்டுவதில் வல்லவர். திரட்டிப் பார்த்தவருக்குத்தான் பயிற்சியின் தேவை புரிந்தது. தொண்டின் உள்ளே நின்றவர்களே படிப்பைக் கேட்டார்கள் என்பது இந்த விவாதத்தில் எனக்கு மிக வலுவான சான்றாகப் படுகிறது.

தமிழ் மரபிலிருந்து சான்று வேண்டும் என்றால் வள்ளலாரிடம் போகலாம். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் படித்தவர்கள் குறைவு. பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கிறது, புலன்கள் எப்படிச் சோர்கின்றன, அறிவு எப்படி மங்குகிறது என்று அதில் அவர் மருத்துவக் குறிப்பைப்போல நுணுக்கமாக அடுக்குகிறார். இரக்கத்தால் கண் கலங்கி நின்றுவிட்டவர் எழுதக்கூடியது அல்ல அது; பசித்தவரை அருகிருந்து கூர்ந்து பார்த்தவரால்தான் எழுத முடியும். பசித்தவர் எந்த தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படிப்பட்ட நடத்தை உடையவர் என்று ஆராயாமல் பசியாற்ற வேண்டும் என்றும் அவர் கட்டளையிட்டார். பாத்திரம் அறிந்து கொடு என்ற பழைய விதியை அவர் இப்படி உடைத்தார். தகுதியை விசாரிப்பது வேறு, தேவையை விசாரிப்பது வேறு. முதலாவதை வள்ளலார் தள்ளினார், இரண்டாவதை அவரளவுக்குச் செய்தவர்கள் சிலரே. சமூகப்பணிக் கல்வி தன் வரலாற்றில் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கித் தட்டுத்தடுமாறி வந்த பாதையை அவர் ஒரே அடியில் கடந்திருந்தார்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது தொண்டாகுமா என்பது பரவலான மறுப்பு. பெரிய புராணத்தில் இதற்கொரு பதில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அடியார்களுக்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமானே நாள்தோறும் படிக்காசு வைத்தார். சம்பந்தரின் காசை மாற்றும்போது வட்டம் பிடித்தார்கள். அப்பரின் காசு முழு மதிப்புப் பெற்றது. அப்பர் உழவாரம் ஏந்திக் கையால் பணி செய்ததே காரணம் என்று மரபு சொல்கிறது. காசு தொண்டைக் கறைப்படுத்தும் என்ற கூச்சம் அந்தக் கதையில் இல்லை. உழைப்புக்கு ஏற்ற நாணயம், அந்த நாணயத்தால் பலர் பசியாறுதல் என்றுதான் கதை போகிறது. அந்தக் காசு அடியார் பசிக்கு, சமூகப்பணியாளரின் சம்பளம் அவர் வீட்டுச் செலவுக்கு என்று வேறுபாடு காட்டலாம். உண்மைதான். ஆனால் சம்பளம் இல்லாத தொண்டை யாரால் செய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும். வசதி உள்ளவர்களாலும் துறவிகளாலும் மட்டுமே முடியும். சம்பளம் வந்த பிறகுதான் குடிசைப் பகுதியில் பிறந்த பெண்ணே அந்தப் பகுதிக்குப் பணியாளராகத் திரும்பிவர முடிந்தது. சம்பளத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: வாங்குபவரிடம் கணக்குக் கேட்கலாம். இலவசமாக உழைப்பவரிடம் கணக்குக் கேட்க நாம் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையை இல்லங்களில் இருப்பவர்கள் தருகிறார்கள்.

படிப்பு மனத்தை மரத்துப்போக வைக்கும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. இதைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் மட்டும் சொல்லவில்லை. சிகாகோவில் 1889இல் ஹல் ஹவுஸைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ் 1902இல் எழுதிய நூலில், தரும சங்கத்திலிருந்து விசாரிக்க வரும் பெண்ணின் அளந்து பேசும் நிதானம் ஏழைகளுக்கு எவ்வளவு விசித்திரமாகத் தெரிகிறது என்று விளக்கினார். பக்கத்து வீட்டுக்காரி யோசிக்காமல் பாதி ரொட்டியைத் தருகிறாள். இவளோ கேள்வி கேட்டுவிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டு போகிறாள். இந்த விமர்சனம் இன்றும் பொருந்தும். படிவம் நிரப்புவதையே பணி என்று நினைக்கும் பணியாளர்களை எந்த அரசு அலுவலகத்திலும் காணலாம். ஆனால் பழி படிப்பின் மீதா, அரைகுறையாகப் படித்ததன் மீதா? உணர்ச்சியை அடக்கு என்று பீஸ்டெக் சொல்லவில்லை. உணர்ச்சியோடு ஈடுபடு, அந்த உணர்ச்சியின் கடிவாளம் உன் கையில் இருக்கட்டும் என்றார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, கேட்பவரே உடைந்து அழுதால், அந்தக் குழந்தை தன் துயரத்தோடு கேட்பவரின் துயரத்தையும் சேர்த்துச் சுமக்கும். அடுத்த முறை அது வாயைத் திறக்காது. அங்கே அழாமல் இருப்பதுதான் அன்பு. அதற்குப் பயிற்சி வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்தப் படிப்பு மேற்கிலிருந்து இறக்குமதியானது, நம் சமூகத்தின் அடிப்படை நோயைக் காணத் தெரியாதது என்ற மூன்றாவது மறுப்பில் எனக்குப் பாதி உடன்பாடு. தனிமனிதரின் பொருந்தாமையைச் சரிசெய்வது என்ற அமெரிக்கப் பார்வையோடு வந்த பாடநூல்கள், பள்ளியில் கழிவறை கழுவவைக்கப்பட்டதால் படிப்பை விட்ட தலித் சிறுவனிடமும் பொருந்தாமையைத் தேடின. பிழை சிறுவனிடம் இல்லை என்று வகுப்பறை சொல்லத் தொடங்க வெகுகாலம் ஆயிற்று. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் தலித், பழங்குடியினர் குறித்த செயற்பாட்டுக்கென்றே ஒரு முதுகலைப் பிரிவு வந்தது அந்தத் திருத்தத்தின் ஓர் அடையாளம். ஆனால் இறக்குமதியல்லாத நம் சொந்தத் தொண்டு இந்த நோயைக் கண்டுகொண்டதா? 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த அறிஞர், நாட்டுக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்தவர், பொதுமக்கள் நன்கொடையில் நடத்திய கல்விச்சாலை. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தபோதுதான் அது பொதுக் கேள்வி ஆயிற்று. நோக்கத்தின் உயர்வு பந்தியைச் சமமாக்கிவிடவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து, பந்தியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. சமூகப்பணிக் கல்வி தன் பாடநூல்களிடமும் இதே கேள்வியைக் கேட்கட்டும். கேட்கும் முறையை விட்டுவிட வேண்டிய அவசியமில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொரு மறுப்பு. கொடுப்பவரின் புண்ணியத்துக்கு ஏழை தேவைப்படுகிறார் என்று சமயத்தைக் குறை சொன்னால், பணியாளரின் வேலைக்கும் ஏழை தேவைப்படுகிறாரே? மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இதை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கிறது என்று வியப்பாக இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியால் மதுரையில் அவன் பசித்தவர்க்கெல்லாம் உணவு அளிக்கிறான். இந்திரன் வரம் தர வந்தபோது அவனை மதிக்கவில்லை. சினந்த இந்திரன் அவனைத் தண்டிக்கச் செய்தது என்ன தெரியுமா? பாண்டிய நாட்டில் நன்றாக மழை பெய்யவைத்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, அவன் சோறிட்ட அம்பலத்தில் வீணர்கள் கூடிச் சூதாடினார்கள். பசித்தவர் உண்டா என்று தேடி அலைந்து, சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். தனக்கு மட்டும் சோறு தரும் பாத்திரத்தோடு வாழ விரும்பாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். அவனுடைய தியாகத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்த நாட்டில் அருளாளனுக்கு வேலையில்லை என்பதைத் துயரமாகவே காவியம் காட்டுவது நம்மை யோசிக்கவைக்க வேண்டும். பசியே இல்லாத நாட்டைக் கண்டு மகிழ வேண்டிய முதல் ஆள் அவனல்லவா?

அந்தக் காவியமே அடுத்த படிக்கும் போகிறது. அதே பாத்திரத்தை ஏந்திய மணிமேகலை சோறு தருவதோடு நிற்காமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்கிறாள்; அமைப்பையே மாற்றக் கேட்கிறாள். இரந்து வாழும் நிலை ஒருவருக்கு விதிக்கப்பட்டிருந்தால் உலகைப் படைத்தவனையே சபித்த வள்ளுவரும் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். ஒருவேளைச் சோற்றை அறமாகப் பார்ப்பதிலிருந்து உரிமையாகப் பார்ப்பதை நோக்கித் தமிழ்நாடு நடந்த தூரமும் கொஞ்சமல்ல: 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2001இல் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தர உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை. தட்டை ஏந்தும் குழந்தை யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. உதவி வேண்டுபவரே உதவியை அழைக்கும் வழியையும் சமூகப்பணிக் கல்விதான் திறந்தது. தெருக்குழந்தை தானே எண்ணைச் சுழற்றிக் கூப்பிடும் 1098 தொலைபேசிச் சேவை 1996இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச் செயல்திட்டமாகப் பிறந்தது. இன்று அது அரசின் பொறுப்பில் இருக்கிறது. தான் தொடங்கியதைப் பொதுவுடைமையாக்கி விலகிக்கொள்ளும் இந்தப் போக்குதான், ஏழை இருந்தால்தான் எனக்கு வேலை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில். எல்லாப் பணியாளரும் அப்படி விலகுவதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். மாணவர்களுக்கு இதை முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிட வேண்டும்.

பட்டத்தால் தர முடியாதது ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் என் வாதம் நேர்மையாக இருக்காது. குடியை விட்டுவிட்டு மீண்டும் தொடங்கி, மீண்டும் விட்டு மீண்டும் தொடங்கிய ஒருவரின் வீட்டுக் கதவை, இன்னொரு முறை போய்த் தட்ட வேண்டும் என்று ஏன் தோன்ற வேண்டும்? பாடத்திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. 1915இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணி இன்னும் முழுமையான தொழில் ஆகவில்லை என்று பால்டிமோர் மாநாட்டில் வாதிட்டார். துறை அந்த உரையால் பல பத்தாண்டுகள் புண்பட்டுக் கிடந்தது. ஆனால் அதே உரையின் முடிவில், எந்தத் தொழிலுக்கும் இன்றியமையாத முதல் அளவுகோல் அதன் உள்ளுணர்வே என்றும், அந்தச் சோதனையில் சமூகப்பணி தேற முடியும் என்றும் அவர் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த உள்ளுணர்வைப் பலருக்குச் சமயம் தருகிறது. சிலருக்கு அரசியல் தருகிறது. சிலருக்குத் தாங்களே பட்ட துன்பம் தருகிறது. எது தந்தாலும் நல்லதுதான். அது ஊறும் இடத்தைக் கல்லூரி குறைவாக மதிக்கும்போது வறண்ட பணியாளர்கள் வருகிறார்கள். ஊறுவதே போதும் என்று கல்லூரியைத் தள்ளும்போது சங்கிலி கண்ணில் படாமல் போகிறது.

ஆகவே, முதியோர் இல்லமும் அனாதைப் பிள்ளைகள் விடுதியும் மனநலக் காப்பகமும் நடத்தும் மடங்களிடமும் திருச்சபைகளிடமும் ஜமாஅத்துகளிடமும் தனியார் அறக்கட்டளைகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் ஒருவரையாவது முறையான சம்பளத்தில் நியமியுங்கள். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் அவர் தனியே சந்தித்துப் பேச அனுமதியுங்கள். பேசும் நேரத்தில் நிர்வாகத்தார் யாரும் அறையில் இருக்க வேண்டாம். இல்லத்தில் இருப்பவர்கள் வெளியிடச் சம்மதித்ததை மட்டும் அவர் எழுதித் தரட்டும். மாதம் ஒருமுறை நிர்வாகக் குழு கூடும்போது, நன்கொடைக் கணக்கைப் படிப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பைப் படியுங்கள்.